ஏழு பேர், பதினோரு சொல்

மூன்றாவது தடவையும் அதே பெண்தான் மாட்டினாள். எட்டாம் வகுப்பின் முன்வரிசை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஏழு பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்து எண்ணிக்கொண்டிருந்தாள் கணக்கு டீச்சர். மற்ற ஆறு பேரும் தப்பித்து ஓடிவிட, இரட்டைப் பின்னல் போட்ட அந்தப் பெண் மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பெஞ்சுப் பயல்கள் கைதட்டினார்கள். "அவளுக்கு ராசியே இல்ல மிஸ்" என்று ஒருவன் கத்தினான். டீச்சருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக ஒரு வீடே டீச்சரைப் பார்த்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் காரணம் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை. ஒவ்வொரு கணக்கு ஆசிரியரும் தம் வீட்டில் வழிவழியாக வரும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அதைக் கணினிக்குச் சொல்வதுபோலப் படிப்படியாகப் பிரித்துப் போட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கவைக்க வேண்டுமாம். மாதக் கடைசியில் பார்க்க ஆட்கள் வருவார்களாம். ஆசிரியர் அறையில் அன்றைக்கு அடித்துப்பிடித்துப் பங்கு பிரித்தார்கள். தையல் ஒருத்தி கைக்குப் போனது, கூடை பின்னுவது இன்னொருத்தி கைக்கு. இவளுக்கு மிஞ்சியது புகுந்த வீட்டில் எண்ணுகிற பழக்கம் ஒன்றுதான். சரி, கழுதை, அதையாவது வைப்போம் என்று பலகையில் எழுதிப் போட்டாள்.

பழக்கம் இதுதான். வீட்டில் யாரும் செய்ய விரும்பாத வேலை ஒன்று வந்தால் பேச்சு கிடையாது, வழக்கு கிடையாது. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் விரலை நீட்டி எண்ணுவார். "ஒண்ணு வந்தது, ஓரம் நின்னது, ஆளைக் கேட்டது, கதவைத் திறந்தது, நீ வெளியே போ." மொத்தம் பதினோரு சொல், சொல்லுக்கு ஓர் ஆள். 'போ' யார்மேல் விழுகிறதோ அவர் தப்பித்தார், எழுந்து போகலாம். அவருக்கு அடுத்த ஆளிடமிருந்து மறுபடி முதல் சொல். இப்படியே ஒவ்வொருவராகக் கழன்றுபோக, கடைசியில் மிஞ்சுகிறவர் தலையில் வேலை. மாமனார் போட்ட சட்டம். ஒரு பெரிய மில்லில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்த மனிதர். "விழுந்தது விழுந்ததுதான், யாருக்கு விழுந்துச்சோ அவங்களுக்குத்தான்" என்பார். அதற்குமேல் அந்த வீட்டில் வாய் திறந்தவர் இல்லை.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள், அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். தப்பித்து ஓடிய ஆறு பேரில் ஒருத்தியான அவள் கையைத் தூக்காமலே குறுக்கிட்டாள். "மிஸ், நீங்க ஒவ்வொரு தடவையும் அவகிட்ட இருந்தே ஆரம்பிக்கிறீங்க. இப்ப என்கிட்ட இருந்து ஆரம்பிங்க." டீச்சர் ஆரம்பித்தாள். வக்கீல் மாட்டினாள். அடுத்து ஒரு பையனிடமிருந்து ஆரம்பித்தாள். பையன் மாட்டினான். ஆறாவது தடவைக்கு விரலை நீட்டியபோது எதிரில் நின்ற குண்டுப் பையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினான். "மிஸ், சத்தியமா என்கிட்ட ஆரம்பிக்காதீங்க மிஸ்." வகுப்பே கொல்லென்று சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல மிஸ். ஏழு பேர், பதினோரு சொல்னா, யார்கிட்ட ஆரம்பிக்கிறோமோ அவங்கதான் மாட்டுவாங்க. எண்ணவே வேணாம்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு பேர், ஐந்து பேர், ஆறு பேர் என்று வைத்து எண்ணிப் பார்த்து அட்டவணை போடச் சொல்லிவிட்டு, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழிரப்பரையும் பென்சிலையும் ஆட்களாக வைத்து எண்ணினார்கள். நாலு பேர் என்றால் நாலாவது ஆள், ஐந்து என்றால் ஐந்தாவது, ஆறு என்றால் நாலாவது, ஏழு என்றால் முதல் ஆள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்தது, கணக்கில் முதுகலைப் பட்டம் வாங்கியவளுக்குப் பன்னிரண்டு வருஷம் புரியவில்லை. இவளைவிட இளிச்சவாய் இந்த உலகத்தில் இருப்பாளா? வீட்டுப் பழக்கம் என்றால் அது வேறு, கணக்கு என்றால் அது பள்ளிக்கூடத்தில் என்று இரண்டையும் இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். தெருவில் போகிற எவனாவது இப்படி எண்ணியிருந்தால் அன்றைக்கே காகிதத்தை எடுத்திருப்பாள்.

அந்த வீட்டில் எண்ணும் வட்டத்தில் ஏழு பேர். கணவனோடு பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் இரும்புக்கடை வைத்திருக்கிற பெரியத்தான், அடுத்தவர் சின்னத்தான், அதற்கடுத்து கல்யாணம் வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்ட நாத்தனார். இவள் கணவன் கடைக்குட்டி. பெரியத்தான் மனைவி பெரியக்கா, சின்னத்தான் மனைவி சின்னக்கா, ஏழாவதாக இவள். கல்யாணமான அதே வாரம் முதல் எண்ணிக்கை. தண்ணீர் மோட்டாரை ஒட்டி, சன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. அது யாருக்கு என்பதுதான் பேச்சு. "புதுசா வந்த பொண்ணு, அவங்ககிட்ட இருந்து ஆரம்பிப்போம், அதுதான் மரியாதை" என்று யாரோ சொன்னார்கள். ஓர் ஆண்குரல். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அது இனித்தது. இந்த வீட்டில் எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே என்று பூரித்துப்போனாள். அறை அவளுக்கு விழுந்தது. அதற்கப்புறம் பதிமூன்று பேருக்குக் காலைச் சமையல் விழுந்தது. எல்லாரும் ஊர்சுற்றப் போன கோடையில், கூரை பிரித்துப் போட்ட வீட்டுக்குக் காவல் இருப்பது விழுந்தது. நாலாவதாக மாமியார் விழுந்தார். படுத்த படுக்கையாக இரண்டு வருஷம்.

அந்த இரண்டு வருஷம் அவள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தாள். நிரந்தர வேலைக்கான பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் இருந்த பெயர் அடியோடு போய்விட்டது. மாமியாரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். அதற்குச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தன் கையெழுத்தைப் போட்டாள். எட்டாயிரத்துச் சொச்சம் கட்டம். பெரியக்கா வாசலில் நின்று எட்டிப்பார்த்து, "என்ன அதிர்ஷ்டக்காரி, இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எப்போதும் இவளுக்கே விழுவதால் வைத்த பட்டப்பெயர் அது. இவளும் சிரித்துத் தொலைத்தாள். மாமியார் போனபின் மறுபடி தற்காலிக டீச்சராகச் சேர்ந்து, முதலிலிருந்து வரிசையில் நின்று, இப்போதுதான் பட்டியலில் இரண்டாவது இடம். "மூணு மாசத்துக்கு மேல லீவு போட்டா பேர் போயிடும், இந்தத் தடவை போச்சுன்னா வயசும் தாண்டிடும், பார்த்துக்கோங்க" என்று தலைமையாசிரியை போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

சொன்ன மூன்றாம் நாள் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தை ஒட்டிய முன்னறையில் இரும்புக் கட்டிலில் போட்டிருந்தார்கள். கூலிக்கு வந்த நர்ஸ் ஞாயிற்றுக்கிழமை வரைதான். "வெளியாளுங்க கைல அப்பாவை விட மாட்டேன்" என்று பெரியத்தான் வீரவசனம் பேசிவிட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆக, ஞாயிறு காலை பத்து மணிக்கு எண்ணிக்கை. விழுகிறவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை வருஷம் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அவள் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் ஆட்களை மாற்றி மாற்றி உட்காரவைத்தாள். தான் தப்பிக்க வழி ரொம்பச் சுலபம். தன்னிடமிருந்து ஆரம்பிக்காமல் இருந்தால் போதும். அதோடு நின்றிருந்தால் அவள் நல்லவள். நிற்க முடியவில்லை. பெரியக்காவிடமிருந்து ஆரம்பித்தால் பெரியக்கா. நகச்சாயம் போட்ட அந்த விரல்கள் படுக்கைத் துணியைக் கசக்கிப் பிழிவதை நினைத்துப் பார்த்தாள், வயிறு குளிர்ந்தது. பெரியத்தானிடமிருந்து ஆரம்பித்தால் பெரியத்தான். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரை ஏவுகிற மனிதர், அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது இரண்டும் போதாதென்று நாத்தனாரையும் ஒரு சுற்று உட்காரவைத்துப் பார்த்தாள். தனக்குள் இவ்வளவு விஷம் இருக்கிறதா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

கணவன் அதே அறையில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே, கட்டிலில் காகிதங்களைப் பரப்பி வேலை செய்துகொண்டிருந்தான். பஸ் டிப்போவில் அவனுக்கு டியூட்டி சார்ட் போடுகிற வேலை. எந்த டிரைவர் எந்த வண்டியில், யாருக்கு என்றைக்கு ஓய்வு, யார் எந்த வாரம் விடிகாலை வண்டி என்று இருநூறு பேரைச் சுழற்றிச் சுழற்றிக் கட்டம் போட வேண்டும். டிப்போவே அவனை 'சக்கரம்' என்றுதான் கூப்பிடும். அவன் பென்சில் கட்டம் கட்டமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. இருநூறு பேரைச் சுழற்றுகிறவனுக்கு ஏழு பேரைச் சுழற்றத் தெரியாதா?

"நம்ம கல்யாணமான வாரம், என்கிட்ட இருந்து எண்ண ஆரம்பிக்கணும்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

பென்சில் நின்றது. "எதுக்கு இப்ப அது?"

"பெரியத்தான்தான் சொன்னாருன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். மோட்டார் நின்றது. அந்த அமைதியில் அவனால் சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

"நான்தான் சொன்னேன்" என்றான். "பத்து வயசுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நாலு பேர்ல அண்ணன்கிட்ட ஆரம்பிச்சா கடைசியா நான்தான் மிஞ்சுவேன். அண்ணிங்க ரெண்டு பேரும் வந்து ஆறு பேர் ஆனப்பவும் எனக்கேதான். கக்கூஸ் கழுவுனதுல இருந்து தாத்தா செத்தப்ப ராத்திரி முழுக்க பக்கத்துல உட்கார்ந்தது வரைக்கும் எல்லாம் நான்தான். நீ வந்தா ஏழு பேர். எப்படி விழும்னு கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டுப் பார்த்தேன். அண்ணன்கிட்ட ஆரம்பிச்சா அண்ணனுக்கே விழும்."

"விழட்டுமே!"

"அவர் விடுவாரா? அன்னைக்கே முறையை மாத்தியிருப்பாரு. மறுபடியும் என் தலையிலதான் விடிஞ்சிருக்கும். நீ புதுசு... ஒரே ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"அத்தைக்கு எண்ணினப்போ? வேலை போகும்னு நான் முந்தின நாள் உங்க முன்னாடி உட்கார்ந்து அழுதேனே, அப்போ?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "யாருக்கு விழுந்தா என்ன, நமக்குள்ளதானே" என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னான்.

நமக்குள்ளதானே! எட்டாயிரம் கட்டத்தில் ஒரு கட்டத்திலாவது அவன் கையெழுத்து இருந்ததா? எதையாவது தூக்கி அவன்மேல் எறிய வேண்டும்போல அவளுக்குக் கை பரபரத்தது. கையில் இருந்தது காகிதம். பெரியக்காவின் ஏச்சுக்கு, நாத்தனாரின் மூஞ்சிச் சுளிப்புக்கு, எல்லாவற்றுக்கும் அவள் ஓடிவந்து ஒதுங்கியது இந்த ஆளிடம்தான். "விடும்மா, உனக்கு ராசி அப்படி" என்று முதுகைத் தடவிக்கொடுத்த கை இது. மற்றவர்களாவது தெரியாமல் சிரித்தார்கள், இவன் எல்லாம் தெரிந்து தடவிக்கொடுத்திருக்கிறான். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. வாய் கசந்தது.

"மாமாவுக்கும் இது தெரியுமா?" என்றாள் கடைசியாக.

"தெரியல. லீவு நாள்ல யாரு வேலைக்கு வரணும்னு மில்லுல இப்படித்தான் எண்ணுவாராம். அவருக்குப் பிடிக்காதவனுக்கே எப்பவும் விழும்னு பேசிப்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு வேற யார்கிட்டயாவது ஆரம்பிக்கச் சொல்லிடு. அண்ணிகிட்ட ஆரம்பிக்கச் சொல்லு. நான் ஒண்ணும் பேசமாட்டேன்" என்றான், பெரிய வள்ளல்போல.

ஞாயிறு காலை பத்துக்குக் கூடத்தில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். முன்னறைக் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலின் கால்மாடும், போர்வைக்கு வெளியே நீட்டிய மாமனாரின் இடதுகையும் தெரிந்தன. தன்னை யார் தலையில் கட்டலாம் என்று தன் பிள்ளைகள் எண்ணப்போவதைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதர் கிடந்தார். கதவைச் சாத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கணவனுக்குப் பக்கத்தில் வழக்கமாக அவள் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. அதை விட்டுவிட்டு, அவனுக்கு நேர் எதிரே, சின்னத்தானுக்கும் நாத்தனாருக்கும் நடுவில், சின்னக்காவின் நாற்காலியில் அவள் வருமுன் போய் உட்கார்ந்தாள். பின்னால் வந்த சின்னக்கா கணவனுக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன டீச்சர், புருஷனோட சண்டையா?" என்று பெரியக்கா சிரித்தாள். "எங்க போய் உட்கார்ந்தாலும் அதிர்ஷ்டம் உன்னைத் தேடி வந்துடும், கவலைப்படாதே."

பெரியத்தான் தொண்டையைச் செருமினார். "அப்பா போட்ட முறை. விழுந்தது விழுந்ததுதான். அப்புறம் மூக்கைச் சிந்தக்கூடாது." விரலை அவள் பக்கம் நீட்டினார். "வழக்கம்போல டீச்சர்கிட்ட இருந்து..."

"பெரியத்தான்."

விரல் அந்தரத்தில் நின்றது. எண்ணும்போது அந்த வீட்டில் யாரும் குறுக்கே பேசியதில்லை.

"பன்னிரண்டு வருஷமா எனக்கே மரியாதை பண்ணிட்டீங்க. போதும். இந்தத் தடவை உங்க தம்பிக்குப் பண்ணுங்க. மரியாதையை ஆரம்பிச்சு வெச்சதே அவருதானே, அவர்கிட்ட இருந்து எண்ணுங்க."

கணவன் நிமிர்ந்தான். அவன் முகம் வெளிறுவதை எதிரே இருந்து அவள் பார்த்தாள். அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தாள். பெரியத்தானுக்கு முகம் சிவந்தது. "இது என்ன புதுப் பழக்கம்? எதுலயும் ஒரு முறை இருக்கு. நீ வந்து மாத்துறதுக்கு..."

"விடுண்ணா" என்றாள் நாத்தனார், அலுப்போடு. "யார்கிட்ட ஆரம்பிச்சா என்ன? எல்லாம் ஒண்ணுதானே. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"அதானே" என்றாள் பெரியக்கா. "அவன்கிட்டயே ஆரம்பிங்க. சுத்திச் சுத்தி எங்க வரப்போகுது, தெரியாதா?"

பெரியத்தான் விரலைத் திருப்பினார். கணவன் வாய் திறந்தது. "ஒரு நிமிஷம்ணா..."

"என்னடா?"

அவன் சொல்லலாம். இதில் ஏமாற்று இருக்கிறது, ஆரம்பிக்கிற ஆள்தான் மாட்டுவான் என்று ஒரு வரி சொன்னால் போதும், எண்ணிக்கை நின்றுவிடும். அப்புறம் அண்ணன் கேட்பார், உனக்கு எப்போதிலிருந்துடா தெரியும் என்று. அதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஆறு பேர் முன்னால், முன்னறையில் கிடக்கிற அப்பா காதில் விழ. வட்டத்தில் இருந்த ஏழு பேரில் அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். அவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, சொல்லித் தொலை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் அவன்.

"ஒண்ணு" என்று அவன் மார்பைக் காட்டினார் பெரியத்தான். "வந்தது" சின்னக்கா. "ஓரம்" சின்னத்தான். "நின்னது" அவள். விரல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அவனைத் தொட்டு வந்தது. "நீ... வெளியே... போ."

விரல் அவளிடம் நின்றிருந்தது.

முதல் 'போ'வே அவளுக்கு. பெரியக்காவின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதன் பின்னால் நின்றாள். இந்த எண்ணிக்கையை வெளியே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. இத்தனை வருஷம் இவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

சின்னக்கா போனாள். சின்னத்தான் போனார். பெரியக்கா, "அப்பாடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். மூன்று பேர் ஆனபோது நாத்தனாரின் கால் தரையில் தாளம் போட்டது. அவளும் போனாள். மிஞ்சியது அண்ணனும் தம்பியும். பெரியத்தானின் நெற்றி பளபளத்தது. எண்ண ஆரம்பித்த காலத்திலிருந்து கடைசி இரண்டு பேரில் ஒருவராக அவர் இருந்ததில்லை. தன் மார்பைத் தட்டி "ஒண்ணு" என்றார், தம்பியைக் காட்டி "வந்தது" என்றார். குரல் கம்மியிருந்தது. விரல் அங்கும் இங்குமாகப் போய்வந்தது. கணவன் விரலைப் பார்க்கவே இல்லை. எண்ணி முடிக்கும்வரை மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போ" என்று தன் மார்பிலேயே அறைந்துகொண்டு பெரியத்தான் எழுந்தார். பெருமூச்சு விட்டார். உடனே குரல் திரும்பிவிட்டது. "சரி, முடிஞ்சுது. நாளையில இருந்து நீதான்டா. டிப்போவுல எழுதிக் கொடுத்துடு."

"அவன் என்ன பார்க்கப்போறான்?" என்றாள் பெரியக்கா. "அவனுக்கு விழுந்தா என்ன, டீச்சருக்கு விழுந்தா என்ன, புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே. பழகுன கை, டீச்சரே பார்த்துக்குவா. நான் சொல்லல, சுத்திச் சுத்தி..."

"யாருக்கு விழுந்துச்சோ அவங்களுக்குத்தான் அக்கா. மாமா போட்ட சட்டம். அத்தை எனக்கு விழுந்தப்போ நாங்க ரெண்டு பேருமா சேர்ந்து பார்த்தோம்? நீங்கதான் தினமும் எட்டிப்பார்த்தீங்களே, சொல்லுங்க." அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "நாளைக்கு எனக்கு முதல் பீரியட் இருக்கு. எட்டாம் வகுப்பு."

எல்லாரும் கலைந்தார்கள். நாத்தனார் அடுப்புக்குப் போனாள். அவன் மட்டும் காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தான். தோள் சரிந்து, வகுப்பில் மாட்டிக்கொண்ட அந்த இரட்டைப் பின்னல்காரி நின்றதுபோலவே இருந்தான். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசலாமா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. என்ன வார்த்தை பேசுவது? உனக்கு ராசி அப்படி என்றா? பேசாமல் பள்ளிக்கூடப் பையை எடுத்துவர நடந்தாள். முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டக், டக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. மாமனாரின் இடதுகை ஆள்காட்டி விரல் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றாள். தன்னை அறியாமல் உதடு அசைந்தது. ஒண்ணு, வந்தது, ஓரம், நின்னது. பதினோராவது தட்டோடு விரல் நின்றது. கிழவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தது. சிரிக்கிறாரா, நோய் இழுத்துவிட்ட கோணலா என்று சொல்ல முடியவில்லை. விரல் கம்பியை விட்டு மெதுவாக எழும்பியது. காற்றில் ஒரு தடுமாற்றம் தடுமாறி, அவள் பக்கம் நீண்டு, நின்றது. அது முடிந்த எண்ணிக்கையின் 'போ'வா, அடுத்த எண்ணிக்கையின் 'ஒண்ணு'வா?